கைத்தொழில் காத்த கலைக்கூடம்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

ஓவியம் வரைபவர் எதைக் கொண்டு வாழ்கிறார்? கலை வரலாற்று நூல்கள் இக்கேள்வியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. எந்த மன்னன் காலம், எந்தப் பாணி, எந்த வண்ணம் என்பவற்றை விரிவாகச் சொல்கின்றன. வரைந்தவரின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதைச் சொல்வதில்லை. எனக்கோ அது சிறுவயது முதலே வீட்டுக் கேள்வி. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் துறையின் சார்பில் மாமல்லபுரத்திற்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். திரும்பும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் காட்டுவதற்காகப் பேராசிரியர் பேருந்தை நிறுத்தச் செய்தார். மாலை மயங்கும் நேரம். அங்கு வாழும் மூத்த ஓவியர் ஒருவர், பேராசிரியர் முன்பே கேட்டுக்கொண்டதற்கிணங்கத் தம் பணிக்கூடத்தின் கதவை எங்களுக்காகத் திறந்து வைத்திருந்தார். அந்த இரண்டு மணி நேரத்தில் கண்டதையும், அதன்பின் படித்து அறிந்ததையும், அதனால் என் வீட்டில் நிகழ்ந்ததையும் இக்கட்டுரையில் எழுத முற்படுகிறேன்.

கிராமம் பிறந்த கதை

சோழமண்டலத்தின் கதையைச் சென்னை ஓவியப் பள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் சென்னையில் அப்பள்ளியைத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. கைத்தொழிலைப் பயிற்றுவிப்பதே அன்று அப்பள்ளியின் முதன்மையான நோக்கம். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைவரானார். மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை இவர் படைத்ததே. இவர் காலத்தில் நுண்கலைக்கு முதன்மை கிடைத்தது. இவருக்குப் பின் 1957இல் பொறுப்பேற்றவர், அவருடைய மாணவரான கே. சி. எஸ். பணிக்கர்.

பணிக்கர் தம் மாணவர்களின் நிலையைக் கண்டு கவலையுற்றார். அன்றைய சென்னையில் ஓவியம் வாங்குவோர் மிகச் சிலர். காட்சிக்கூடங்களும் அரிது. ஆறு ஆண்டுகள் கற்றுத் தேர்ந்தவரும் ஏதேனும் ஒரு வேலையில் அமர்ந்தாக வேண்டும். பள்ளியில் ஓவிய ஆசிரியராகலாம்; விளம்பர நிறுவனத்தில் சேரலாம்; நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கு வடிவம் வரையலாம். வேலையில் அமர்ந்தவர்களுள் பலருக்குத் தம் ஓவியத்திற்கென நேரம் கிடைக்கவில்லை.

வரைவதை விட்டுப் பிழைப்பதா, பிழைப்பை விட்டு வரைவதா என்ற இந்த இக்கட்டுக்குப் பணிக்கரும் மாணவர்களும் கண்ட வழி எளிமையானது. கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். ஓவியம் தீட்டிய நேரம் போக எஞ்சிய நேரத்தில் பாத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்தனர். அவற்றைக் காட்சிக்கு வைத்து விற்றனர். சேர்ந்த பணத்தைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினர். 1966இல் கிராமம் பிறந்தது. அன்று அது மின்வசதியற்ற மணல்வெளி. அங்கே வீடும் பணிக்கூடமும் தாங்களே எழுப்பிக்கொண்டனர். கலையைப் போற்றிய சோழர் பெயரும், இக்கடற்கரையின் பழம்பெயரும் ஒருங்கே அமையும்படி ‘சோழமண்டலம்’ எனப் பெயரிட்டனர்.

ஆக, அரசு மானியத்தையோ செல்வர் ஒருவரின் கொடையையோ அடித்தளமாகக் கொள்ளாமல், துணியில் ஊற்றிய மெழுகின் மேல் எழுந்த ஊர் அது.

மெழுகும் சாயமும்

பாத்திக் என்பது சாவகத் தீவில் சிறப்புற்ற துணிச்சாய முறை. நாங்கள் கண்ட ஓவியர் அதனை விளக்கினார். மாணவர் அறியத்தக்கது என்பதால் சுருக்கித் தருகிறேன்.

முதலில் பருத்தித் துணியைத் துவைத்துக் கஞ்சியை நீக்க வேண்டும். கஞ்சி இருந்தால் சாயம் உள்ளே இறங்காது. பின்னர், சாயம் ஏறக்கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைத் தூரிகையால் தீட்ட வேண்டும். துணியைச் சாயத் தொட்டியில் முக்கினால், மெழுகு படிந்த இடம் நீங்கலாக மற்ற இடமெல்லாம் நிறம் பிடிக்கும். உலர்ந்தபின், அந்த முதல் நிறம் நிலைக்க வேண்டிய இடங்களையும் மெழுகால் மூடி, இரண்டாம் சாயத்தில் முக்குவார்கள். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிப்பது வழக்கம். இறுதியில் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்கினால் வடிவம் வெளிப்படும்.

இதில் இரண்டு நுட்பங்கள் உள. ஒன்று, சாயம் சூடாக இருத்தலாகாது. இருந்தால் மெழுகு இளகிவிடும். ஆகவே குளிர்நீரில் பிடிக்கும் சாயங்களே பயன்படும். மற்றொன்று மெழுகின் கலவை. தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். பாரஃபின் மெழுகு உடையும். பாரஃபினைக் கூட்டிக் கலந்து, துணியைக் கசக்கினால், மெழுகில் விரிசல் விழும். அவ்விரிசல்களில் சாயம் நுழைந்து நரம்பு போன்ற மெல்லிய கோடுகளை வரையும். எந்த இரு துணியிலும் அக்கோடுகள் ஒன்றுபோல் அமையா.

“எங்கே விரிசல் விழும்னு நமக்கே தெரியாது தம்பி. தெரியாததுக்கும் கொஞ்சம் இடம் விடணும்னு அந்த மெழுகுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது” என்றார் அவர்.

கைவினை அவர்களுக்கு வருவாய் தந்ததோடு நில்லாமல், அவர்களது கலைக்குள்ளும் புகுந்தது என்பதை இதனால் உணரலாம். பி. வி. ஜானகிராமின் சிற்பங்கள் தட்டி வளைத்த உலோகத் தகட்டால் ஆனவை. கோயில் கவசம் செய்வோரின் வேலையை அவை நினைவூட்டுகின்றன. எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிற்பம் அமைத்தார். பணிக்கரோ 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையில், சாதகக் குறிப்பையும் கணக்கேட்டையும் ஒத்த எழுத்துகளால் திரையை நிரப்பினார். அவ்வெழுத்துகள் படிப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு.

பணிக்கூடத்தில் ஒரு கேள்வி

மூத்த ஓவியரின் பணிக்கூடம் எங்கள் வகுப்பறையில் பாதி அளவே இருக்கும். டர்பன்டைன் வாடை, சுவரோரம் முகம் திருப்பி அடுக்கிய ஓவியங்கள், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் தூரிகைகள். நண்பன் ஒருவன், “இதற்கு என்ன பொருள் ஐயா?” எனக் கேட்டான். “நீ கட்டியிருக்கிற லுங்கியில கட்டம் இருக்குமே, அதுக்கு என்ன பொருள்?” என்று அவர் திருப்பிக் கேட்க, எல்லோரும் சிரித்தோம்.

அப்போது, தொடங்கி நிறுத்தப்பட்டிருந்த ஒரு திரையில் மெல்லிய பென்சில் கட்டங்களைக் கண்டேன். சிறுபடத்தைப் பெரிதாக்குவதற்கு இடும் கட்டங்கள். என்னையறியாமல், “எங்க அப்பாவும் இப்படித்தான் கட்டம் போடுவார்” என்று சொல்லிவிட்டேன்.

“அப்பா என்ன செய்யறார்?”

நண்பர்களே, ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். இக்கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்னும் இடத்தில் ‘கூலி’ என்றே எழுதினேன். என் தந்தை சினிமா பேனர் எழுதுபவர், அல்லது எழுதியவர். பிளெக்ஸ் அச்சு வந்தபின் அவர் பத்து நாளில் எழுதியதை எந்திரம் ஒரு மணியில் தந்தது. விலையிலும் அதனோடு போட்டியிட இயலவில்லை. இப்போது வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போகிறார். ஆகவே நான் எழுதியது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று.

அன்று உண்மையைச் சொன்னேன். ஓவியர் இரக்கப்படவில்லை. தொழில்முறையாக ஒரு கேள்வி கேட்டார்: “இருபதடி முகம் எழுதும்போது பக்கத்துல நின்னா ஒரு கண்ணுகூட முழுசாத் தெரியாதே. எங்கே நின்னு சரிபார்ப்பார்?”

எனக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் இருந்தும் நான் அதைக் கேட்டதில்லை. “கேட்டுட்டு எழுது தம்பி. எனக்கும் தெரிஞ்சுக்கணும்” என்றார்.

கலையா, தொழிலா?

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. பேருந்தில் பேராசிரியர் ஒரு செய்தி கூறினார். மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ எனக் குறிக்கிறது. அவர்களை அந்நூல் அரண்மனையில் வைத்துக் காட்டவில்லை. சங்கு அறுத்து வளை கடைவோர், மணிக்குத் துளையிடுவோர், பொன் அணி செய்வோர், துணி விற்போர் ஆகியோருடன் கடைத்தெருவில் நிறுத்திக் காட்டுகிறது. கலை வேறு, தொழில் வேறு என்னும் பிரிவினை அங்கே இல்லை. கைத்தொழில் பயிற்றத் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்த ஓவியர்கள், கைத்தொழிலாலேயே தங்கள் ஓவியத்தைக் காத்துக்கொண்டதை இதனோடு இணைத்துப் பார்க்கலாம்.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. கைத்திறன் இருந்தால் மட்டும் போதும் எனில், என் தந்தை ஏன் தூரிகையை வைத்துவிட்டார்? ஆராய்ந்து பார்த்தால் சோழமண்டலத்தின் வெற்றிக்கு வேறு காரணங்களும் இருந்தன என்பது புலப்படும். கைவேலைக்கென்றே விலை கொடுப்போர் அவர்களுக்குக் கிடைத்தனர். வருவாயைத் தனித்தனியே செலவிடாமல் ஒன்றாகச் சேர்த்தனர். சேர்த்ததை நிலமாக்கினர், அதனால் வாடகைச் சுமை இல்லை. பேனர் எழுதியோர் எங்கள் ஊரில் ஆறேழு பேர் இருந்தனர். ஒருவர் கூலியை மற்றவர் குறைத்துப் பேசினரே அன்றி, ஒன்று சேரவில்லை. இதை என் தந்தையே வருத்தத்துடன் கூறியுள்ளார்.

சோழமண்டலத்தையும் குறையற்ற சொர்க்கமாக எண்ணிவிடலாகாது. கனவு போன்ற கோட்டோவியங்களைப் படைத்த கே. ராமானுஜம் 1973இல் இளவயதிலேயே அக்கிராமத்தில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நிலமும் தோழமையும் எல்லாத் துயரையும் தீர்த்துவிடா. பணிக்கர் 1977இல் மறைந்தார். விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் போன்றோர் பாரிஸ் நகரில் குடியேறினர். ஆனாலும் ஊர் நிலைத்தது. 2009இல் அங்கு ஒரு கலை மையம் திறக்கப்பட்டது. சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளை இன்று அங்கே காணலாம்.

எங்கள் கொட்டகையில் ஒரு மாலை

வீடு திரும்பியதும் தந்தையிடம் அக்கேள்வியைக் கேட்டேன். “என்னடா இது திடீர்னு?” என்றவர், சற்று நேரம் கழித்துச் சொன்னார்: “ரோட்டைத் தாண்டி டீக்கடை வாசல்ல நின்னு பார்ப்பேன். பார்த்துட்டு வந்து திருத்துவேன். மறுபடி போய்ப் பார்ப்பேன். ஒரு முகத்துக்கு நாலு டீ ஆகும்.” பிறகு தாமே தொடர்ந்தார். பேனர் உயரத்தில் நிற்கும். பார்ப்பவர் கீழே நிற்பார். கீழிருந்து பார்க்கும்போது நெற்றி சுருங்கித் தெரியும். ஆகவே நெற்றியை அளவுக்குச் சற்றுக் கூட்டியே எழுத வேண்டுமாம். படத்தில் உள்ளபடியே எழுதினால் முகம் கெட்டுவிடுமாம். இதை அவருக்கு எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை, வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையைத் திறக்கச் சொன்னேன். வகுப்புத் தோழர்கள் பதினொருவரும் பேராசிரியரும் வந்தனர். அப்பா சலவைச் சட்டை அணிந்து, எங்கோ பார்த்தபடி நின்றார். முதல் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. பின்னர் சுண்ணப்பொடி தடவிய நூலின் ஒரு முனையை ஒரு மாணவியிடம் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நூலைச் சுண்டினார். துணியில் வெள்ளைக்கோடு விழுந்தது. அப்புறம் அவர் கூச்சம் போயிற்று. ஒன்பது மணிவரை பேசினார். அத்தனை பேச்சை நான் அவரிடம் கேட்டதில்லை. அவர் சொன்ன விடையை அந்த வாரமே சோழமண்டலத்து ஓவியருக்குக் கடிதமாக எழுதினேன்.

முடிவுரை

பணிக்கூடத்தின் கதவு திறக்கும்போது காண்பவர் ஓவியத்தை மட்டும் காண்பதில்லை. அது உருவாகும் உழைப்பையும், அதற்காகும் நாளையும், அதன் பின்னுள்ள வாழ்வையும் காண்கிறார். அவ்வாறு கண்டவரே கைவேலையின் விலையை அறிவார். நம் கல்லூரிக்கு வரும் மாணவர்களுள் நெசவாளர், குயவர், தச்சர், கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆண்டுக்கு ஒரு மாலை ஒரு பட்டறைக்கு நாம் சென்று வந்தால், அதுவே வரலாற்றுப் பாடமாகும். இதனைத் துறைகளுக்கு என் வேண்டுகோளாக வைக்கிறேன்.

அன்று மாலையால் பேனர் தொழில் மீண்டுவிடவில்லை. ஆனால் இவ்வாண்டு எங்கள் துறைக் கருத்தரங்கின் பதாகை துணியில், கையால் எழுதப்பட்டது. கூலி கொடுத்தபோது, “புள்ள படிக்கிற காலேஜு” என்று அப்பா வாங்க மறுத்தார். “சோழமண்டலத்தார் துணியைச் சும்மா கொடுத்திருந்தால் நிலம் வாங்கியிருக்க முடியாதுப்பா” என்றேன். வாங்கிக்கொண்டார். ரசீதில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னைத்தான் கேட்டார்.

ஓவியர் என்று எழுதச் சொன்னேன். நிதானமாக, பேனர் எழுத்திலேயே எழுதினார்.