ஆட்டுக்கொல்லி நோய் உள்ளே நுழையும் வழி

குர்பானிக்கென எட்டயபுரம் சந்தையில் ஆடு பிடித்து வருவோர் நம் ஊரில் பலர். நோய் வெளிப்படையாகத் தெரியும் ஆடு குர்பானிக்கு ஆகாது என்பதை நாம் அறிவோம். ஆனால் பி.பி.ஆர் எனப்படும் ஆட்டுக்கொல்லி நோயில் முதல் நாலைந்து நாள் ஆடு நன்றாகவே மேயும்.

வைரஸ் தானாகப் பெருகாது. உயிரணுவுக்குள் புகுந்தாக வேண்டும். உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள 'ஏற்பி' என்னும் புரதம் பூட்டு என்றால், வைரஸின் மேலுள்ள புரதம் சாவி. அது முதலில் திறப்பது, நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்களின் 'ஸ்லாம்' ஏற்பியை. காவல்காரனையே மடக்கிவிடுகிறது! அங்கே பெருகியபின், வாய், நுரையீரல், குடல் ஆகியவற்றின் உட்சவ்விலுள்ள 'நெக்டின்-4' ஏற்பியைப் பிடிக்கிறது. மூக்குச்சளி, வாய்ப்புண், கழிச்சல் எல்லாம் அதன்பிறகுதான். அறிகுறி தெரியுமுன்பே மற்ற ஆடுகளுக்குப் பரவவும் தொடங்கிவிடும்.

இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானது நம் தமிழ்நாட்டில்தான்: 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூரில்.

தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பொருள் அந்தச் சாவியில் ஒட்டிக்கொள்ளும், பூட்டு திறக்காது. நோய் கண்டபின் ஊசி உதவாது, வைரஸைக் கொல்லும் மருந்தும் கிடையாது. நாலு ஆட்டை நம்பிப் பிழைக்கும் வீட்டுக்கு இது பெரிய இழப்பு. ஆகவே மூன்று மாதம் கடந்த குட்டிகளுக்குக் கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டுவிடுங்கள். சந்தையில் வாங்கிய ஆட்டை வீட்டு ஆடுகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்டுங்கள். மனிதருக்கு இந்நோய் வருவதில்லை.