கணிதம் படிக்க எந்தக் கல்லூரி?

நண்பர்களே, ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தம்பியோ தங்கையோ நம்மகிட்டதான் வந்து கேட்பாங்க: "அண்ணா, எனக்கு மேத்ஸ்தான் படிக்கணும், எந்தக் காலேஜ்ல சேரலாம்?" நாம யோசிக்காம சொல்ற பதில்ல அவங்களோட மூணு வருஷம் இருக்கு. அதனால கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்குவோம்.

முதலில் ஒரு வித்தியாசம். நமக்கு ஒரு மேட்ரிக்ஸைக் கொடுத்து ஐகன் வேல்யூ கண்டுபிடிக்கச் சொல்வாங்க. கணித மாணவருக்கு வரும் கேள்வி வேற: மெய்யெண்களால் ஆன சமச்சீர் அணியின் ஐகன் வேல்யூ எல்லாமே மெய்யெண்தான் என நிறுவுக. இந்த 'நிறுவுக' அவங்களுக்குப் பிடிக்குதான்னு முதல்ல கேளுங்க.

பிடிக்கும்னா, சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம் (சி.எம்.ஐ.) நல்ல இடம். 1989-ல் தொடங்கியது. இங்கே பி.எஸ்சி.யில் கணிதத்தோடு கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்தே வரும். "வேலை கிடைக்குமா?" என்று கேட்கும் அப்பாவுக்கு அதுவே பாதி பதில். இன்னொன்று, பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் நடத்தும் பி.மேத். இரண்டுக்கும் தனி நுழைவுத் தேர்வு உண்டு. விடையை மட்டும் எழுதினால் போதாது, படிப்படியாக விளக்க வேண்டிய கணக்குகளும் வரும். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் கிடைக்கும். இப்பவே ஒன்றை எடுத்துக் கொடுங்க.

அங்கே இடம் கிடைக்கலைன்னா? பக்கத்து ஊர்க் கலைக்கல்லூரியிலும் நல்லா படிக்க முடியும். சேரும் முன் மூன்று விஷயம் பாருங்க. ரியல் அனாலிசிஸும் அல்ஜீப்ராவும் எந்த செமஸ்டர்ல வருது? செமஸ்டர் தேர்வில் புத்தகத்தில் உள்ள தேற்றம் அப்படியே வருதா, புதுக் கணக்கும் வருதா? சீனியர்கள் யாராவது 1993-லிருந்து நடக்கும் எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சிக்குப் போயிருக்காங்களா? இதுக்கெல்லாம் பதில் அந்தத் துறை மாணவர்கள்கிட்டயே கிடைக்கும். விளம்பரப் பலகையில் கிடைக்காது.

படிச்சிட்டு இருக்கும்போதே உங்களுக்கும் ஆசை வந்துடுச்சா? சி.எம்.ஐ.யின் எம்.எஸ்சி. கணிதத்துக்கு பி.இ. முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். மேலே சொன்ன ஐகன் வேல்யூ கணக்கை இன்னைக்கு ராத்திரி நீங்களே நிறுவிப் பாருங்க. தூக்கம் வரலைன்னா, யோசிக்க வேண்டிய விஷயம்தான்!