ஒரு சிவப்பணு பின்னுவோமா?

கைவினைப் பக்கம் என்றதும் சில தம்பிகள் அடுத்த பக்கத்துக்குத் தாவப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இது பூப்போட்ட மேசை விரிப்புப் பாடம் இல்லை. உயிரியல் பாடத்தில் படம் வரைந்து பெயர் குறித்தோமே, அந்தச் சிவப்பு இரத்த அணுவைக் கையால் பின்னி, பஞ்சு அடைத்து, ஒருவருக்குப் பரிசாகக் கொடுப்பது எப்படி என்ற பாடம்.

முதலில் ஒரு விளக்கம். இரண்டு நீண்ட ஊசிகளில் கண்ணிகளை வரிசையாகத் தாங்கிப் பின்னுவது நிட்டிங். முனையில் கொக்கி உள்ள ஒரே ஊசியால் ஒவ்வொரு கண்ணியாக முடித்துக்கொண்டே போவது குரோஷே. ஸ்வெட்டருக்கு நிட்டிங் நல்லது. உருண்டை, தட்டு, குழாய் வடிவப் பொம்மைகளுக்கு என் ஓட்டு குரோஷேவுக்குத்தான். நூல் நழுவினால் ஒரு கண்ணிதான் அவிழும், முழு வரிசையும் போகாது. ஜப்பானியர் இந்தப் பொம்மைகளை அமிகுருமி என்பார்கள். கரடியும் முயலும்தான் அதில் அதிகம். ஆனால் வியாழன் கோள், டி.என்.ஏ., எட்டுக் கால் நீர்க்கரடி என்று எதையும் பின்னலாம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: டி.என்.ஏ. பின்னுகிறவர்கள் முறுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துப் பின்னுங்கள். நம் செல்களில் அது வலப்பக்க முறுக்கு, சாதாரண திருகாணி மாதிரி. இடப்பக்கம் முறுக்கினாலும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எஸ்.பி.எம். எழுதும் தம்பிக்குக் கொடுத்தால் அவன் பார்த்துச் சிரிப்பான்.

ஏன் சிவப்பணு? என் சித்தி மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு தலசீமியா. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் இரத்தம் ஏற்றவேண்டும். அவள் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது பதில் சொல்லாமல் என்னையே ஒரு கேள்வி கேட்டாள்: "அக்கா, என் ரத்தம் கெட்ட ரத்தமா?" பள்ளியில் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். இதற்குக் கடையில் வாங்கிய கரடி பதில் சொல்லுமா? அதனால்தான் ஊசியை எடுத்தேன்.

பின்னுவதற்கு முன் படிக்கவேண்டி இருந்தது. மேடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் அதற்கு உருவம் கொடுக்க முடியாதில்லையா? சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். விளிம்பு தடித்து, நடுவில் இருபுறமும் குழிந்த தட்டு. நடுவில் ஓட்டை கிடையாது, ஆகவே டோனட் என்று சொல்லாதீர்கள். சப்பையாக இருப்பதால் ஆக்சிஜன் உள்ளே போய்வரப் பரப்பு அதிகம். தன்னைவிடக் குறுகலான நுண்குழாயிலும் வளைந்து நெளிந்து போய்விடும். நமக்கு முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. கோழிக்கு உண்டு. ஆயுள் சுமார் 120 நாள். உள்ளே நிறைந்திருப்பது ஹீமோகுளோபின்.

இப்போது நூலுக்கு வருவோம். நடுத்தரத் தடிமனுள்ள சிவப்பு அக்ரிலிக் அல்லது பருத்தி நூல், 3.5 மில்லிமீட்டர் கொக்கி ஊசி, தலையணைப் பஞ்சு, பெரிய கண் உள்ள தையல் ஊசி. எனக்கு எல்லாம் சேர்த்து 20 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. ஊசி இதைவிடப் பெரிதானால் கண்ணிகளுக்கு நடுவே பஞ்சு எட்டிப் பார்க்கும்.

நூலை விரலில் சுற்றி ஒரு வளையம் செய்து, அதற்குள் 6 ஒற்றைக் கண்ணி போட்டு இறுக்குங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, மொத்தம் 12. மூன்றாம் சுற்றில் ஒன்று சாதாரணம், அடுத்ததில் இரண்டு, இப்படியே போனால் 18. நான்காவதில் இரண்டு சாதாரணத்துக்குப் பிறகு ஒரு கூட்டல், 24. ஒன்பதாம் சுற்றில் ஏழு சாதாரணத்துக்கு ஒரு கூட்டல் என்று 54 வரும்வரை போங்கள். ஏறக்குறைய 10 செ.மீ. தட்டு கிடைக்கும். கூட்டல்கள் எப்போதும் ஒரே இடத்தில் மேலுக்கு மேல் வந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும். சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ஆங்கிலக் குறிப்பைப் பார்த்துப் பின்னுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டிஷ்காரர் டபிள் குரோஷே என்பார்கள். எந்த நாட்டுக் குறிப்பு என்று பார்க்காமல் தொடங்கினால் பொம்மை வேறு உருவத்தில் வந்து நிற்கும்.

ஏன் சுற்றுக்கு 6? இங்கேதான் எனக்கு இந்த வேலையின்மேல் பிரியம் வந்தது. ஒற்றைக் கண்ணியின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட சமம். ஒரு சுற்று கூடினால் ஆரம் ஒரு கண்ணி கூடுகிறது. அப்போது சுற்றளவு 2 பெருக்கல் பை, அதாவது 6.28 கூடவேண்டும். நாம் 6 கூட்டுகிறோம், தட்டு தட்டையாக நிற்கிறது. அதைவிடக் குறைத்தால் கிண்ணமாகிப் பிறகு உருண்டையாகும். அதிகம் கூட்டினால் ஓரமெல்லாம் சுருக்கம் சுருக்கமாக நெளியும். இந்த நெளிவை வைத்துத்தான் 1997-ல், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் லாட்வியாவைச் சேர்ந்த கணித ஆசிரியை டைனா டைமினா, ஹைபர்போலிக் தளம் என்ற வடிவத்தைக் குரோஷேவில் பின்னிக் காட்டினார். அதுவரை தாளை வெட்டி ஒட்டித்தான் மாதிரி செய்வார்கள், கை பட்டாலே கிழியும். அவருடைய முறையைப் பிடித்துக்கொண்டு மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் 2005-ல் பவளப்பாறைகளையே பின்னத் தொடங்கினார்கள். பாட்டிமார் செய்யும் வேலை என்று யாராவது கேலி செய்தால் இதைச் சொல்லுங்கள். பாட்டிமாருக்கும் சேர்த்துப் பெருமைதான்.

இரண்டாவது தட்டையும் அதேபோல் 54 வரை பின்னி, கூட்டலே இல்லாமல் மேலும் 4 சுற்று போடுங்கள். அதுதான் பக்கச் சுவர். இரண்டையும் விளிம்போடு விளிம்பு தைத்து, கொஞ்சம் வாய் விட்டு, ஓரத்தில் நிறையவும் நடுவில் குறைவாகவும் பஞ்சை அடையுங்கள். வாயை மூடியபின் தையல் ஊசியை நடுவில் குத்தி மறுபுறம் எடுத்து, இரண்டு மூன்று முறை போய்வந்து இழுத்து முடிச்சுப் போட்டால் குழி விழும். நம் பொம்மை அசல் அணுவைவிட ஏறக்குறைய 13,000 மடங்கு பெரிது. அந்தக் கணக்கில் விளிம்பு 3 செ.மீ., நடு 1 செ.மீ. இருந்தால் சரி. சிறுபிள்ளைக்குக் கொடுப்பதானால் பொத்தான் கண் வேண்டாம், கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். மருத்துவமனைக்குப் போகும் பொம்மை என்றால் துவைத்து நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள்.

பொம்மையைக் கையில் கொடுத்து என் சித்தி மகளிடம் சொன்னேன்: "உன் ரத்தம் கெட்டது இல்லம்மா. ஹீமோகுளோபின் பின்றதுக்கு ரெண்டு வகை நூல் வேணும், ஆல்ஃபான்னு ஒண்ணு, பீட்டான்னு ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டு. உனக்கு பீட்டா நூல் பத்தல. அதான் அணு சரியா உருவாகாம சீக்கிரம் உடைஞ்சிடுது. மத்தவங்க பின்னி முடிச்ச அணுவை உனக்குக் குடுக்கறாங்க." அவள் பொம்மையின் குழியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அப்ப இது என்னோடதா, குடுத்தவங்களோடதா?" என்றாள். குடுத்தவங்களோடது, இப்ப உன்னோடது என்றேன். வேறென்ன சொல்வது? நம் வட்டாரத்தில் இரத்த தான முகாம் நடக்கும்போது வரிசையில் நிற்கும் அண்ணன்மாரை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எல்லாம் அதோடு தீர்வதில்லை. ஏற்றும் ஒவ்வொரு பையிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் போகிறது. மிஞ்சியதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது, இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை நீக்கத் தனி மருந்து எடுக்கவேண்டும். இந்த நோய் ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொள்வதில்லை, பெற்றோர் இருவரிடமிருந்தும் மரபாக வருவது. இருவருமே பீட்டா வகையின் கடத்திகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கடத்திகள் பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள், என் சித்தியும் சித்தப்பாவும் போல. பத்துப் பொருத்தம் பார்க்கிற நம் வீடுகளில் பதினோராவதாக இந்த இரத்தப் பரிசோதனையையும் சேர்த்தால் என்ன? முடிவு எதுவானாலும் அது யாருடைய குற்றமும் இல்லை. தெரிந்துகொண்டால் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசலாம்.

அவளுக்கு இரத்தம் ஏற்றும் நாளில் முடிந்தால் நானும் போகிறேன். ஒரு பை இறங்கச் சில மணி நேரம் ஆகும். ஊசி குத்திய கையை அசைக்கக்கூடாது, அதனால் அவள் எண்ணுவாள், நான் பின்னுவேன். அடுத்து வெள்ளையணு வேண்டுமாம், உள்ளே உட்கரு மூன்று நான்கு மடலாகப் பிரிந்த வகை. அதே அளவுக் கணக்கில் பின்னினால் 16 செ.மீ. வருகிறது. இன்னொரு கண்டு நூல் வாங்கவேண்டும்.