கிணற்று நீரும் மின்சார விலையும்

தோட்டக்கால் சாகுபடியில் உழவு, எரு, விதை ஆகியவற்றுக்கு ஆகும் செலவைக் காட்டிலும் நீர் இறைப்பதற்கு ஆகும் செலவே முற்காலத்தில் மிகுதியாக இருந்தது. கவலை இறைப்பதற்கு ஒரு ஜோடி மாடும் ஓர் ஆளும் நாள் முழுவதும் உழைக்க வேண்டும். 1932-இல் பைக்காராவிலும், 1937-இல் மேட்டூரிலும், 1944-இல் பாபநாசத்திலும் நீர்வீழ்ச்சியின் விசையைக் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கியபின் இந்நிலை மாறலாயிற்று. கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆழ்ந்த கிணறுகளில் மாடுகள் செய்துவந்த வேலையை மோட்டார்கள் ஏற்றுக்கொண்டன. இன்று தமிழ்நாட்டில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. இந்தியா முழுவதிலும் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு விவசாயத்துக்கே செல்கிறது. ஆகவே மின்சாரத்தின் விலையும் அதை வழங்கும் முறையும் குடியானவரின் கிணற்றை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை ஆராய்தல் அவசியமாகும்.

1. ஒரு யூனிட் செய்யும் வேலை

ஒரு யூனிட் மின்சாரம், நஷ்டம் சிறிதும் இல்லையெனில், 367 கன மீட்டர் நீரை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வல்லது. ஆனால் மோட்டார், பம்பு, குழாய் ஆகிய மூன்றிலும் நஷ்டம் உண்டு. நல்ல நிலையிலுள்ள அமைப்பிலேயே சுமார் பாதிதான் பயனாகிறதெனக் கொள்வோம். அக்கணக்கின்படி 100 அடி ஆழத்திலிருந்து ஒரு யூனிட் சுமார் 6,000 லிட்டர் நீரை மேலேற்றும். 300 அடி ஆழமாயின் 2,000 லிட்டர்தான் கிடைக்கும்.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல உயரம் நீர் பாய்ச்சச் சுமார் 1,03,000 லிட்டர் வேண்டும். இதற்கு 100 அடி ஆழத்தில் 17 யூனிட் போதும். 300 அடி ஆழத்தில் 51 யூனிட் தேவை. 5 குதிரைத்திறன் மோட்டார் முழுப் பாரத்தில் மணிக்குச் சுமார் 4½ யூனிட் எடுத்துக்கொள்ளும். எட்டு மணி நேரம் ஓடினால் 36 யூனிட் ஆகும். முதற்கிணற்றில் இதனைக் கொண்டு இரண்டு ஏக்கருக்கு மேல் ஓர் அங்குலம் பாய்ச்சலாம். இரண்டாவதில், ஆழத்துக்கேற்ற பம்பு அமைத்திருப்பினும், 70 சென்டுக்கே நீர் எட்டும். நீர்மட்டம் இறங்குந்தோறும் அதே மின்சாரம் நனைக்கும் நிலம் சுருங்கிவிடும் என்பது இதனால் விளங்கும்.

2. கட்டண முறைகள் மூன்று

விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் விதிப்பதில் மூன்று முறைகள் உண்டு. மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவென்று வாங்குவது முதல் முறை. மோட்டாரின் குதிரைத்திறனுக்குத் தக்கபடி ஆண்டுக்கு ஒரே தொகை வாங்குவது இரண்டாவது முறை. கட்டணமின்றி வழங்கி அதற்குரிய தொகையை அரசாங்கமே மானியமாகச் செலுத்துவது மூன்றாவது முறை.

கிராமந்தோறும் சிதறிக் கிடக்கும் மீட்டர்களைக் கணக்கெடுப்பதில் செலவும் தொல்லையும் மிகுதியாக இருந்தமையால் பல மாகாணங்கள் இரண்டாவது முறையை மேற்கொண்டன. குஜராத்தில் 1988-இல் இம்முறை வந்தது. தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் விவசாயிகள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. இதனால் விளைந்த நன்மை கண்கூடானது. மாட்டை விற்றும் கடன் பட்டும் நீர் இறைத்த குடும்பங்கள் நிலைபெற்றன. மானாவாரி நிலங்கள் தோட்டங்களாயின.

ஆயினும் இரண்டாவது, மூன்றாவது முறைகளில் ஒரு குறையும் உண்டு. ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டினாலும் செலவு ஏறாதாகையால், மோட்டாரை நிறுத்த வேண்டிய காரணம் குடியானவருக்குப் புலப்படுவதில்லை. மின்சாரம் எப்பொழுது வரும் என்பது நிச்சயமில்லாத இடங்களில் பலர் தானியங்கிச் சுவிட்சைப் பொருத்திவிட்டு உறங்கிவிடுகின்றனர். இரவெல்லாம் நீர் பாய்ந்து வரப்பு வழிகிறது. நீர்மட்டம் இறங்கியபின் வசதியுள்ளவர் ஆழ்துளைக் கிணறு இறக்குகிறார். அடுத்த நிலத்துக்காரரின் திறந்த கிணறு வற்றிவிடுகிறது. மானியம் இருவருக்கும் பொதுவாயினும், நீர் ஒருவருக்கே கிடைக்கிறது.

3. பிற மாகாணங்களின் அனுபவம்

குஜராத்: 2003-இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தின்படி, வீடுகளுக்கும் சிறு தொழில்களுக்கும் செல்லும் மின்தடம் வேறாகவும், பம்புகளுக்குச் செல்லும் மின்தடம் வேறாகவும் பிரிக்கப்பட்டன. 2006-க்குள் சுமார் 18,000 கிராமங்களில் இவ்வேலை நிறைவேறிற்று. வீடுகளுக்கு நாள் முழுவதும் மின்சாரம் கிடைத்தது. பம்புகளுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், முன்னறிவித்த பொழுதில், குறையாத அழுத்தத்தில் வழங்கப்பட்டது. அளவு குறைந்தாலும் நம்பகம் மிகுந்தமையால் மோட்டார் எரிவதும் இரவுக் காவலும் குறைந்தன. ஆனால் சொந்தக் கிணறின்றி அயலாரிடம் நீர் வாங்கிப் பயிரிட்ட குத்தகைதாரர்களுக்கு நீர் கிடைப்பது அரிதாயிற்று.

மேற்கு வங்காளம்: இங்கு 2007 முதல் ஆழ்குழாய்க் கிணறுகளுக்கு மீட்டர்கள் பொருத்தப்பட்டன. பகல், மாலை, பின்னிரவு என மூன்று பொழுதுகளுக்கு மூன்று விலைகள் ஏற்பட்டன. தேவை மிகுந்த மாலையில் விலை அதிகம், பின்னிரவில் குறைவு. ஆண்டுக்கு ஒரே தொகை செலுத்திய காலத்தில் பம்பு உடையவர்கள் அத்தொகையை ஈட்டும் பொருட்டு அயலாருக்குத் தாமே முன்வந்து நீர் விற்றனர். மீட்டர் வந்தபின் அந்த அவசியம் நீங்கிற்று. நீர் வாங்குவோர் கொடுக்க வேண்டிய விலை ஏறிற்று.

பஞ்சாப்: 1997-இல் இலவச மின்சாரம் வந்தது, நெல் சாகுபடி பெருகி நீர்மட்டம் விரைவாக இறங்கிற்று. கோடையிலேயே நடவு செய்வதைத் தடுக்க 2009-இல் சட்டம் இயற்றப்பட்டது. 2018-இல் புதிய சோதனை ஒன்று தொடங்கிற்று. விரும்பிச் சேரும் விவசாயிக்கு இத்தனை யூனிட் என்று ஓர் அளவு குறிக்கப்படும். அதில் மீதப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் கணக்கில் சேரும். இலவசத்தை எடுத்துவிடாமலே சிக்கனத்துக்கு விலை வைத்தது இதன் சிறப்பாகும்.

இம்மூன்றிலிருந்தும் அறியத்தக்கது யாதெனில், கட்டண முறை எதுவாயினும் அதனால் நலம் பெறுவோரும் நஷ்டமடைவோரும் உண்டு என்பதே. கிணறு இல்லாதவரின் நிலையை முதலில் எண்ணாமல் முறையை மாற்றுதல் நேரிதன்று.

4. மின்சாரமும் பொழுதும்

நெல்லைக் குதிரில் சேமித்து விலை ஏறும்போது விற்கலாம். மின்சாரம் அத்தகைய சரக்கன்று. அதைப் பெருமளவில் சேமித்தல் இன்னும் அதிகச் செலவு பிடிப்பதாகையால், உற்பத்தியும் செலவும் எக்கணமும் சமமாக இருத்தல் வேண்டும். 2008 முதல் இந்தியாவில் மின்சாரம் ஏலச் சந்தையிலும் விற்கப்படுகிறது. இப்பொழுது ஒரு நாள் 96 கால்மணிப் பொழுதுகளாகப் பகுக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் தனி விலை ஏற்படுகிறது. சூரிய சக்தி மிகும் நண்பகலில் விலை தாழ்ந்தும், விளக்கேற்றும் மாலையில் உயர்ந்தும் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வழியே வீசும் காற்றும் மிகுந்த மின்சாரம் அளிக்கிறது.

நீர் இறைத்தல் பகலில் செய்யத்தக்க வேலை. பாம்புக்கும் இருளுக்கும் அஞ்சி இரவில் வரப்பில் நடக்க வேண்டியதில்லை. ஆகவே மலிவான பொழுதும் குடியானவருக்கு உகந்த பொழுதும் இப்போது ஒன்றாகி வருகின்றன. குஜராத்தின் கேடா ஜில்லாவிலுள்ள துண்டி என்னும் கிராமத்தில் 2016-இல் ஆறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, தம் சூரிய பம்புகளில் மிஞ்சிய மின்சாரத்தை மின்சாரக் கம்பெனிக்கு விற்கத் தொடங்கினர். வெயிலை விளைபொருளாக்கி விற்பவர் நீரை வீணாக்கத் தயங்குவார். விற்கும் வழியில்லாத தனிச் சூரிய பம்போவெனில், செலவின்றி நாள் முழுவதும் ஓடுமாகையால், கிணற்றை விரைவில் வற்றச் செய்யவும் கூடும். இவ்வேறுபாட்டை அறிந்தே சூரிய பம்பு வாங்குதல் வேண்டும்.

5. கவனிக்க வேண்டியவை

(அ) கிணற்றின் ஆழத்துக்கும் ஊற்றுக்கும் ஏற்ற குதிரைத்திறனையே தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய மோட்டார் நீரைப் பெருக்காது. ஊற்றை விரைவில் தீர்த்துவிடும்.

(ஆ) நீர் விழும் குழாயின் வாய் தொட்டியின் விளிம்புக்கு மேல் உயர்ந்து நிற்றல் கூடாது. உயர்த்தும் ஒவ்வோர் அடியும் மின்சார நஷ்டமாகும். குறுகிய குழாய்களும் கூர்மையான வளைவுகளும் நீக்கத்தக்கவை.

(இ) தக்க அளவுள்ள கப்பாசிட்டரைப் பொருத்துவதால் மின்தடத்தின் பாரம் குறைந்து அழுத்தம் சீர்ப்படும். ஒருவர் மட்டும் செய்வதைவிட ஒரு டிரான்ஸ்பார்மரைச் சார்ந்தோர் யாவரும் சேர்ந்து செய்தல் மிகுந்த பயன் தரும்.

(ஈ) வாய்க்காலில் ஊறிப்போகும் நீரும் ஆழத்திலிருந்து ஏற்றப்பட்ட நீரே. குழாய்ப் பாசனமும் சொட்டுநீர்ப் பாசனமும் அதைத் தவிர்க்கும்.

(உ) கட்டணம் இல்லாவிடினும் சொந்தமாக ஒரு மீட்டர் வைத்துப் பயிர்வாரியாகச் செலவைக் குறித்து வருதல் நலம். மழையிலும் பயிரிலும் மாற்றமின்றிச் செலவு ஏறினால், பம்பு பழுதுற்றதென்றோ நீர்மட்டம் இறங்கிற்றென்றோ அறியலாம்.

(ஊ) கிராம அதிகாரிகள் மே மாதத்திலும், வடகிழக்குப் பருவமழை தீர்ந்தபின் ஜனவரியிலும், ஊரில் ஐந்தாறு கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து எழுதி வருவாராயின், புதிய ஆழ்துளைக் கிணறு பற்றிய வழக்குகளில் யூகத்துக்கு இடமிராது.

மின்சாரத்துக்கு அரசாங்கம் பணம் செலுத்தலாம். பம்புக்கும் மானியம் தரலாம். வற்றிய ஊற்றுக்கு மானியம் இல்லை. ஒரு யூனிட்டில் 6,000 லிட்டர் தரும் கிணற்றை 2,000 லிட்டர் தருவதாக ஆக்காமல் காத்தலே குடியானவர் தம் மக்களுக்கு வைக்கக்கூடிய மெய்யான சேமிப்பாகும்.