பூநாரையும் குடும்பப் படமும்

கமரா ஏந்தும் மாணவர்க்கு எமது தொழிலனுபவத்தில் ஒன்றைக் கூறுவோம். தை, மாசி மாதங்களில் நாம் விடியலில் மன்னார் வங்காலைக் களப்பிலும், மாலையில் குடும்பத்தார் கூடும் வீடுகளிலும் படம் பிடிப்பதுண்டு.

வங்காலை 2010இல் ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று. அங்கு மேயும் பூநாரைகளை நெருங்குவோர் கழுத்துக்களையே கவனித்தல் வேண்டும். தலைகள் நீரிற் கவிழ்ந்திருப்பின் அச்சமில்லை. பல கழுத்துக்கள் ஒருங்கே நிமிருமாயின் ஓரடியும் வைத்தலாகாது. வைப்பின் கூட்டமே எழுந்து பறக்கும். படம் அழகாய் அமையும்தான். இரைதேடிச் சேர்த்த வலுவைப் பறவை வீணே இழக்கும். வேண்டுமென்றே கலைப்போரை நாம் கலைஞரென மதிப்பதில்லை.

மனிதர் கழுத்தும் கமராவைக் கண்டதும் விறைக்கும். “முடிந்தது” என்று கூறிய பின்னரே முகம் இயல்பாகும். அவ்வாறான வேளையில், பேரனின் சட்டைப் பொத்தானைப் பூட்டக் குனிந்த அப்பாச்சி ஒருவரைப் படமெடுத்தோம். மங்கிய ஒளியில் 1/30 செக்கனில் எடுத்தமையால் விரல்கள் கலங்கியிருந்தன. பிழையென்று அழித்துவிட்டோம்.

சில மாதங்களின் பின், அந்தியேட்டிக் கல்வெட்டுக்குப் படம் தேடி அவர் மகன் வந்தார். வரிசைப் படத்தை நெடுநேரம் பார்த்தார். “இது அம்மா மாதிரி இல்லை, வேறை ஏதும் இருக்கோ, தம்பி?” என்றார்.

இப்போது கலங்கிய படங்களையும் ஓராண்டுக்கு அழிப்பதில்லை.