தொட்டிலில் வந்த காய்ச்சல்

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பழக்கத்திற்கு மட்டுமன்றி, பச்சிளம் பருவத்தில் வந்து நீங்கிய நோய்க்கும் இது பொருந்துமா? காய்ச்சல் தணிந்து குழந்தை பால் குடிக்கத் தொடங்கியதும் தாய் நிம்மதியடைகிறாள். உடலின் காவற்படையும் அந்தப் போரை மறந்துவிடுகிறதா? இவ்வினாவிற்கு அறிவியல் தரும் விடையைக் காண்போம்.

மூளையின் காவலர்

மூளையில் நரம்புச் செல்களோடு மைக்ரோகிளியா என்னும் நோய் எதிர்ப்புச் செல்களும் உள்ளன. இவற்றை 1919ஆம் ஆண்டில் இனங்கண்டவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா. கருவின் மஞ்சட்கருப் பையில் தோன்றும் இவை, கருவளர்ச்சியின் தொடக்கத்திலேயே மூளைக்குள் குடியேறிவிடுகின்றன. கிருமி நுழைந்தால் சைட்டோகைன்கள் என்னும் புரதங்களைச் சுரந்து எச்சரிப்பது இவற்றின் கடமை.

இவை தோட்டக்காரன் வேலையையும் செய்கின்றன. வளரும் மூளையில் நரம்பு இணைப்புகள் தேவைக்கு மேல் உண்டாகின்றன. மிகையானவை கழிக்கப்பட்டால்தான் எஞ்சியவை செம்மைப்படும். கிருமிகளை அடையாளமிடும் காம்ப்ளிமென்ட் புரதங்களே இக்கழிப்பிற்கும் தேவை என்று 2007இல் பெத் ஸ்டீவன்ஸ், பென் பாரெஸ் குழுவினர் காட்டினர். சுண்டெலிக் குட்டிகளின் பார்வைப் பாதையில் மைக்ரோகிளியா நரம்பு இணைப்புகளை விழுங்குவது 2012இல் தெளிவாயிற்று. கிருமியோடு போரிடும் செல்லே மூளையைச் செதுக்கவும் செய்கிறது. அவ்வாறாயின், செதுக்கும் காலத்தில் போர் மூண்டால் என்ன ஆகும்?

ஒரு சோதனை

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸ்டேசி பில்போ குழுவினர் பிறந்து நான்கு நாளான எலிக் குட்டிகளுக்கு ஈ. கோலி பாக்டீரியாவைச் செலுத்தினர். குட்டிகள் நோயுற்றுத் தேறின. வளர்ந்தபின் நினைவாற்றலைச் சோதித்தபோது மற்ற எலிகளுக்குச் சமமாகவே இருந்தன.

பின்னர், பாடம் கற்பிப்பதையொட்டி, பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள லிப்போபாலிசாக்கரைடு என்னும் பொருளைச் சிறிதளவு செலுத்தினர். இது உயிருள்ள கிருமியன்று. உடலின் காவற்படையை விழிக்கச் செய்வது மட்டுமே இதன் வேலை. குழந்தைப் பருவத்தில் நோயுறாத எலிகள் கற்றதை நினைவில் வைத்திருந்தன, நோயுற்றவை மறந்துவிட்டன!

காரணம் யாது? நினைவிற்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் பகுதியில் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் சைட்டோகைன் மிகுதியாகச் சுரந்திருந்தது. இப்பொருள் சிறிதளவு இருந்தால் கற்றலுக்குத் துணை. அளவு மீறினால் தடை. முதற்போரைக் கண்ட மைக்ரோகிளியா அமைதியாகத் தோன்றினாலும், அடுத்த சிறு அழைப்பிற்கே பெருங்குரல் எழுப்பும் நிலையில் இருந்தன.

விதியன்று

இதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. இன்டர்லூக்கின்-1 பீட்டா உருவாவதைத் தடுக்கும் மருந்தை முன்னதாகக் கொடுத்தபோது, நோயுற்ற எலிகளும் கற்றதை மறக்கவில்லை. நினைவாற்றல் அழியவில்லை, மிகையான எச்சரிக்கைக் குரலே அதற்குத் தடையாக நின்றது. மேலும், எலியில் கண்டதை அப்படியே மனிதக் குழந்தைமேல் ஏற்றிவிடலாகாது. குழந்தையின் அறிவு வளர்ச்சியில் உணவு, அன்பு, சூழல், கல்வி ஆகிய அனைத்திற்கும் பங்குண்டு. ஆகவே, இளமையில் நோயுற்ற பிள்ளையை ‘மந்தம்’ என்று ஒதுக்குவது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது.

நாம் கொள்ளவேண்டிய பாடம் எளிது. தூய்மையான மகப்பேறு, நோய் எதிர்ப்புப் பொருள்களை ஏந்திவரும் தாய்ப்பால், உரிய காலத்தில் தடுப்பூசி, பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ‘தானே சரியாகும்’ என்றிராமல் உடனே மருத்துவரை நாடுதல் ஆகியவை உயிரைக் காக்கும் வழிகள். வளரும் மூளைக்கும் இவை அரண் ஆகலாம். தொட்டிலின் நினைவு உடலில் நெடுநாள் நிற்கலாம். ஆனால் அதுவே தலையெழுத்து ஆகிவிடாது. இதனை நம் வீட்டுத் தாய்மார்களுக்கு எடுத்துரைப்பது, விலங்கியல் பயிலும் நம் ஒவ்வொருவரின் கடமையன்றோ!