வடக்கு நார்ஃபோக் மாவட்டம்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் கடலோரமாக அமைந்துள்ளது வடக்கு நார்ஃபோக் மாவட்டம். 1974 ஏப்ரல் 1 அன்று உருவான இதன் தலைமையிடம் குரோமர் நகரம். இங்கு உள்ளாட்சி இரு நிலைகளில் நடைபெறுகிறது. கல்வி, சாலை, நூலகம் ஆகியவற்றை நார்ஃபோக் கவுண்டி மன்றம் கவனிக்கிறது. குப்பை அகற்றல், வீட்டுவசதி, கட்டட அனுமதி, கடலரிப்புத் தடுப்பு ஆகியன மாவட்ட மன்றத்தின் பணிகள்.

இவற்றுள் இறுதிப் பணியே மிகக் கடினமானது. ஹேஸ்பரோ என்னும் சிற்றூரில், மணலும் களிமண்ணுமாலான கரைமேட்டைக் கடல் இடைவிடாது அரிக்கிறது. 8 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தொல்மனிதரின் காலடித் தடங்கள் 2013இல் அங்கு வெளிப்பட்டன. அலைகள் அவற்றையும் விரைவிலேயே அழித்தன. விளிம்பில் நின்ற சில வீடுகளை மாவட்ட மன்றம் விலைகொடுத்து வாங்கி இடித்தது. கடலைத் தடுக்க இயலாதபோதும் குடிகளைக் கைவிடாமை ஆட்சியின் கடமையன்றோ?

சிந்தித்து எழுதுக: கரையைக் காப்பதா, மக்களை இடம்பெயரச் செய்வதா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.